எந்தத் தவறு எப்போது தெரியும்: கிடாய்க்குட்டிகளுக்குக் காயடித்த அனுபவம்

பொலிகிடாவைத் தனிக்கொட்டிலில் கட்டி வைத்திருந்த காலத்தில், என்னிடம் இருந்த இரண்டு பெட்டை வெள்ளாடுகளுக்கு மடி இறங்கத் தொடங்கியது. எந்தக் கிடாவோடும் அவை சேரவில்லை என்று கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்த பிறகுதான், அவற்றோடு மேய்ந்துகொண்டிருந்த காயடித்த கிடாக்களின் நினைவு வந்தது. ஒவ்வொன்றாகப் பிடித்து விரைப்பையைத் தடவிப் பார்த்தேன். மூன்றில் இரண்டுக்கு உள்ளே சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கிய கட்டிகள் மட்டுமே இருந்தன. மூன்றாவதற்கு வலப்பக்கம் சுருங்கியிருக்க, இடப்பக்க விரை முழு அளவில், கெட்டியாக, எந்தக் குறையும் இல்லாமல் இருந்தது. காயடிக்கப் பர்டிஸோ இடுக்கியைப் போட்டவன் நான்தான். இடப்பக்க விந்துநாளம் இடுக்கியின் வாயிலிருந்து நழுவியதைக் கவனிக்காதவனும் நான்தான். சினையான இரண்டு பெட்டைகளில் ஒன்று அந்தக் கிடாவின் தாய்.

காயடிப்பதற்குப் பரவலாக உள்ள முறைகள் மூன்று: விரைப்பையின் கழுத்தில் ரப்பர் வளையம் போடுவது, பர்டிஸோ இடுக்கியால் விந்துநாளத்தைத் தோலுக்கு வெளியிலிருந்தே நசுக்குவது, கத்தியால் விரைப்பையைத் திறந்து விரைகளை எடுத்துவிடுவது. எது சிறந்தது என்று கேட்பவர்களிடம் தொடக்கத்தில் நான் வலி, இரத்தம், நேரம் என்று ஒப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றிலும் தனித்தனியாக அடிபட்ட பிறகு, இந்த முறையில் தவறு நேர்ந்தால் அது என் கண்ணுக்கு எப்போது தெரியவரும் என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்டுக்கொள்கிறேன். கத்தியின் தவறு பெரும்பாலும் அன்றோ அந்த வாரத்திலோ தெரிந்துவிடும். வளையத்தின் தவறு ஓரிரு வாரங்கள் ஒளிந்திருக்கும். இடுக்கியின் தவறோ, நாமே தேடிப் போய்த் தடவிப் பார்க்காவிட்டால், பெட்டைக்கு மடி இறங்கும்வரை வெளியே வராது.

காயடிக்கத்தான் வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்று மாத வயதுக்குள் கைமாறிவிடும் குட்டிக்குக் காயடிப்பதால் வளர்ப்பவருக்கு ஆவது ஒன்றுமில்லை. காயடிக்காத கிடா சற்று விரைவாகவும் கொழுப்புக் குறைவாகவும் வளர்வதால், அதை நிறுத்துவது இழப்பாகக்கூட முடியலாம். மந்தையோடு நான்கு மாதத்தைத் தாண்டி நிற்கப்போகும் கிடாவின் கணக்கு வேறு. மூன்று, நான்கு மாதத்திலேயே சினைப்படுத்தும் திறன் அதற்கு வந்துவிடக்கூடும். தாய் என்றும் உடன்பிறந்தது என்றும் அது பார்ப்பதில்லை. பெட்டைகளையும் கிடாக்களையும் தனித்தனியே அடைக்க எனக்கு இடம் இருந்தது. ஆனால் வேலி எத்தனை நாள் நிற்கும் என்பதை முடிவு செய்தவை ஆடுகள்தாம்.

பெரும்பாலோரைப் போல நானும் ரப்பர் வளையத்தில்தான் தொடங்கினேன். கருவி எளியது: நான்கு முனைகள் கொண்ட விரிப்பான் ஒன்று, கெட்டியான சிறு வளையங்கள் சில. முனைகள் குட்டியின் உடலைப் பார்த்திருக்கும்படி வளையத்தை விரித்து, விரைப்பையை அதனூடே இழுத்து, இரண்டு விரைகளும் வளையத்துக்குக் கீழே இறங்கியிருப்பதை விரலால் உறுதி செய்துகொண்டு, கழுத்துப் பகுதியில் வளையத்தை நழுவவிட வேண்டும். இரத்த ஓட்டம் நின்றுபோன பை வாடிக் கறுத்து, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் தானாகவே விழுந்துவிடும். கத்தி இல்லை, இரத்தம் இல்லை, ஓர் ஆள் போதும். இவ்வளவு எளிதாக இருப்பதே இந்த முறையின் ஆபத்து என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

முதல் குட்டிக்கு வளையம் போட்டு முடித்துக் கருவியைக் கீழே வைத்தபோது, குட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார்: “எண்ணிப் பாத்தியா தம்பி, ரெண்டும் கீழ இருக்கா?” நான் எண்ணவில்லை. ஒன்றுதான் இருந்தது, மற்றொன்று குட்டி உதறியபோது மேலே ஏறி, வளையத்துக்கு மேல் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போதே வளையத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டதால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கவனிக்காமல் விட்டிருந்தால், பை இல்லாத, ஆனால் ஒரு விரை வயிற்றோடு ஒட்டியிருக்கும் கிடா ஒன்று வளர்ந்திருக்கும். அந்த விரை உடல் வெப்பத்தில் இருப்பதால் அதன் விந்து வளம் குன்றலாம். கிடாவின் வாடையும் முரட்டுத்தனமும் மட்டும் குறையவே குறையாது. அன்று முதல் வளையத்தை நழுவவிடும் முன் ஒருமுறை, விட்ட பின் ஒருமுறை, வாய்விட்டே “ஒன்று, இரண்டு” என்று எண்ணுகிறேன். மூன்றாவதாகப் பார்க்க வேண்டியவை காம்புகள்: கிடாய்க்குட்டிக்கும் விரைப்பையின் முன்பக்கத்தில் சிறு காம்புகள் உண்டு, அவை வளையத்துக்குள் சிக்கக் கூடாது. குளிர்ந்த காலையில் விரைகள் மேலே ஏறியே இருக்கும் என்பதால், இந்த வேலையை வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்வதும் பழகிவிட்டது. வெயிலில் கிடந்து வெடித்துப்போன பழைய வளையத்தைப் போடுவதும் வீண். பாதி இறுக்கத்தோடு இருக்கும் வளையம் பையைக் கொல்லாமல் வீங்க மட்டும் செய்யும்.

வளையத்துக்கு வயது வரம்பு உண்டு. விரைகள் கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு இறங்கிய பிறகு, ஆனால் பை பெரிதாவதற்கு முன் போட வேண்டும். என் கணக்கில் அது முதல் மூன்று, நான்கு வாரம். பிரிட்டன் போன்ற நாடுகளின் சட்டம் இதைவிடக் கண்டிப்பானது: மரத்துப்போகும் மருந்து இல்லாமல் வளையம் போடுவதை அது குட்டியின் முதல் 7 நாட்களுக்குள் நிறுத்திவிடுகிறது. பெரிய பையில் வளையம் போட்டால் இறந்துபோகும் தசை அதிகம், அது விழ எடுக்கும் நாட்களும் அதிகம், அத்தனை நாட்களும் வளையத்தின் அடியில் ஈரமான புண் ஒன்று இருந்துகொண்டே இருக்கும்.

அந்தப் புண்ணில்தான் நான் ஒரு குட்டியை இழந்தேன். மூன்று வார வயதில் வளையம் போட்ட குட்டி, பன்னிரண்டாம் நாள் காலையில் கால்களை மரப்பலகைபோல விறைத்துக்கொண்டு நின்றது. காதுகள் நிமிர்ந்தபடி அசையாமல் இருந்தன, வால் தூக்கியிருந்தது, கண்ணின் உள்மூலையிலிருந்து மூன்றாவது இமை பாதிக் கண்ணை மூடியிருந்தது. கொட்டில் கதவின் தாழ்ப்பாள் ஓசை கேட்டதும் உடல் முழுவதும் விறைத்துச் சாய்ந்தது. டெட்டனஸ் என்று மருத்துவர் சொன்னபோது தாடை ஏற்கெனவே பூட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் இறந்தது.

டெட்டனஸ் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் எப்போதும் இருப்பவை. காற்றுப் படாத இறந்த தசை அவற்றுக்கு ஏற்ற விளைநிலம். ரப்பர் வளையம் செய்வது அப்படிப்பட்ட இடம் ஒன்றை உண்டாக்கி, வாரக்கணக்கில் வைத்திருப்பதுதான். ஆகவே வளையம் போடுவது என்ற முடிவு குட்டி பிறப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும். ஈனுவதற்கு ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன் தாய்க்கு டெட்டனஸ் தடுப்பூசியின் ஊக்க ஊசி போட்டு, பிறந்த குட்டி நேரத்தோடு சீம்பாலை நிறையக் குடித்திருந்தால், அந்தப் பாதுகாப்பு முதல் சில வாரங்களுக்குக் குட்டிக்குக் கிடைக்கும். இறந்துபோன குட்டியின் தாயை நிறைசினையாக இருக்கும்போது வாங்கி வந்திருந்தேன். அதற்கு ஊசி போட்டிருந்தார்களா என்று நான் கேட்கவே இல்லை. தாய்க்கு ஊசி போடாத நிலையில், காயடிக்கும் அன்றே குட்டிக்கு நச்சுமுறி மருந்தைக் கால்நடை மருத்துவர் மூலம் போட வேண்டும். அன்றைக்குத் தடுப்பூசியை மட்டும் போட்டு அமைதியடைவதில் பயனில்லை; தடுப்பூசி வேலை செய்ய இரண்டு தவணைகளும் வாரங்களும் தேவை, புண் அதுவரை காத்திருக்காது.

அந்த இழப்புக்குப் பிறகு வளையத்தை ஒதுக்கிவிட்டு இடுக்கிக்கு மாறினேன். இத்தாலியக் கால்நடை மருத்துவர் பர்டிஸோவின் பெயரைத் தாங்கிய இந்தக் கருவி தோலைக் கிழிக்காமல், உள்ளே இருக்கும் விந்துநாளத்தையும் இரத்தக் குழாயையும் மட்டும் நசுக்குகிறது. புண் இல்லை என்பதால் டெட்டனஸ் அச்சமும் ஈ அச்சமும் மிகக் குறைவு. விரைகள் பைக்குள்ளேயே நான்கு முதல் ஆறு வாரங்களில் சுருங்கிவிடும். ஒரு மாதத்திலிருந்து நான்கு மாதம் வரையான குட்டிகளுக்கு இது ஏற்றது. மாட்டுக்கான பெரிய இடுக்கியை இரவல் வாங்கிப் பயன்படுத்தலாம் என்று முதலில் நினைத்தேன். அதன் வாய் குட்டியின் விரைப்பை முழுவதையும் ஒரே கடியில் விழுங்கிவிடும் என்பதைக் கையில் வைத்துப் பார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆட்டுக்கு 9 அங்குல அளவுள்ள சிறிய இடுக்கிதான் வேண்டும்.

பையின் கழுத்து முழுவதையும் ஒரே கடியில் நசுக்குவது ஏன் தவறு என்பதைப் புரிந்துகொண்டால் இந்த முறையின் பாதி விளங்கிவிடும். பையின் தோல் உயிரோடு இருக்க வேண்டும். அதற்கு இரத்தம் போக நடுவில் ஒரு வழி விட வேண்டும். ஆகவே ஒவ்வொரு பக்கத்து நாளத்தையும் தனியாகப் பிடித்து, பையின் வெளியோரத்துக்குத் தள்ளி, அங்கே மட்டும் இடுக்கியை வைத்து மூடி, சில நொடிகள் அப்படியே பிடித்திருக்க வேண்டும். நான் முப்பது வரை எண்ணுகிறேன். பிறகு ஒரு சென்டிமீட்டர் கீழே இரண்டாவது கடி. மறுபக்கத்துக் கடிகளை உயரம் மாற்றி வைக்க வேண்டும். இருபுறத்து நசுங்கல் கோடுகளும் நடுவில் சந்தித்தால், தோல் முழுவதும் அழுகிக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு.

நாளம் நழுவுவதுதான் இந்த முறையின் பெரிய தோல்வி. பென்சில் முனையைவிடச் சற்றுத் தடித்த, வழுவழுப்பான அந்த நாளம், இடுக்கியின் தாடைகள் நெருங்கும்போது ஒரு பக்கமாக விலகிப் போய்விடும். தோல் மட்டும் நசுங்கும். வெளியில் தெரியும் கோடு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும். குட்டியும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரிதான் கத்தும். தாடைகள் மூடும் அந்த நொடி வரை விரலால் நாளத்தைத் தாங்கிப் பிடித்திருப்பதும், மூடிய பிறகு நாளம் தாடைக்குள்தான் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும் தவிர வேறு வழி இல்லை. கருவி தேய்ந்திருந்தாலும் இதே கதிதான். இரண்டு காகிதங்களுக்கு நடுவில் ஒரு நூலை வைத்து இடுக்கியை மூடினால், காகிதம் கிழியாமல் நூல் மட்டும் அறுபட வேண்டும். அறுபடாத இடுக்கியை நம்பக் கூடாது. இந்தச் சோதனையை எனக்கு யாரோ சொன்னது, அந்த இரண்டு பெட்டைகளும் சினையான பிறகு. என் இடுக்கி அதில் தேறவில்லை. வேலை இல்லாத நாட்களில் அதை இறுக மூடியே வைத்திருந்தது ஒரு காரணமாக இருக்கலாம். இப்போது வாயைச் சற்றுத் திறந்தபடி வைக்கிறேன்.

கத்தி முறையைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும், ஏனெனில் அதை நான் என் கையால் செய்வதில்லை. பையின் அடிப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி நீக்கி, விரைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, புண்ணைத் தைக்காமல் வடியவிடுவதை மருத்துவர் செய்யப் பார்த்திருக்கிறேன். விரை கையில் வந்துவிடுவதால் ஐயத்துக்கே இடமில்லை. இது ஒன்றுக்காகவே சில மூத்த வளர்ப்பாளர்கள் இதை விரும்புகிறார்கள். விலையாகக் கேட்பது, பத்துப் பதினைந்து நாள் கவனம்: காய்ந்த படுக்கை, ஈ குறைவான பருவம், நாள்தோறும் ஒரு பார்வை. ஈக்கள் மிகுந்த பருவத்தில் ஒரு முறை செய்வித்து, ஐந்தாம் நாள் புண்ணில் புழு வைத்ததைக் கண்டேன். ஆனால் கண்டேன், அன்றே சுத்தம் செய்தேன், குட்டி பிழைத்தது.

மூன்று முறைகளிலும் வலி உண்டு. இரத்தம் வராததால் வளையத்தையும் இடுக்கியையும் வலியற்றவை என்று சொல்பவர்கள், வளையம் போட்ட குட்டியின் அருகில் முதல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்: படுக்கும், எழும், பின்னங்காலால் வயிற்றை உதைக்கும், உதட்டைச் சுருட்டும். மரத்துப்போகும் ஊசியை மருத்துவர் போட்டு ஐந்து நிமிடம் பொறுத்திருந்தால் இதில் பெரும்பகுதி குறைகிறது. மெலாக்சிகாம் போன்ற வலிநீக்கி அடுத்த ஓரிரு நாட்களைத் தாங்க உதவுகிறது. மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் விஷயத்தில், பாதுகாப்பான அளவுக்கும் ஆபத்தான அளவுக்கும் உள்ள இடைவெளி வெள்ளாட்டுக்குட்டிக்குக் குறுகியது. உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற வரம்பைப் பொதுவாகக் கடைப்பிடிக்கிறார்கள். 2 சதவீத மருந்தின் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இருப்பதால், 4 கிலோ குட்டிக்கு ஒரே ஒரு மில்லிதான் மொத்த அளவு. மருத்துவர் அதை நீர்க்கச் செய்து போடுவது இதனால்தான். பெரிய ஆட்டுக்குப் போடும் கைப்பழக்கத்தில் குட்டிக்கும் போட்டுவிட்டால் வலிப்பு வந்துவிடும்.

எந்த வயதில் செய்வது என்பதில் எனக்கு இருந்த உறுதியை ஆட்டி வைத்தது இரண்டு வயதான ஒரு காயடித்த கிடா. பிறந்த இரண்டாம் வாரத்திலேயே வளையம் போட்டது. மந்தையை வழிநடத்திக்கொண்டு போகும் குணம் இருந்ததால் விற்காமல் வைத்திருந்தேன். கறவைப் பெட்டைகளோடு சேர்ந்து தானியத் தீவனத்தையும் தின்று கொழுத்திருந்தது. ஒருநாள் முதுகை வளைத்து, வாலைத் துடிக்கவிட்டு, முக்கி முக்கி முனகிக்கொண்டு நின்றது. மலச்சிக்கல் என்று நினைத்து அரை நாளை வீணாக்கினேன். உண்மையில் சிறுநீர்க் குழாயைக் கல் அடைத்திருந்தது. ஆண்குறியின் நுனியில் புழுப்போல நீண்டிருக்கும் மெல்லிய குழாயில்தான் கற்கள் முதலில் சிக்கும். மருத்துவர் அந்த நுனியைக் கத்தரித்ததும் சிறுநீர் பீய்ச்சியடித்தது. ஆனால் குறியை உறையிலிருந்து வெளியே எடுக்கவே அவர் பெரும்பாடு பட்டார். ஆண் இயக்குநீர் (ஹார்மோன்) இருந்தால்தான் குறி உறையிலிருந்து முழுதாகப் பிரியும், குழாயும் அகலமாக வளரும்; மிகச் சிறு வயதில் காயடித்தால் அந்த வளர்ச்சி நின்றுவிடுகிறது என்று அவர் அப்போது விளக்கினார்.

ஓராண்டுக்குள் விற்கப்போகும் குட்டிக்கு இது பெரிய கவலை இல்லை. ஆண்டுக்கணக்கில் வைத்து வளர்க்கப்போகும் கிடாவுக்கு மட்டும், பெட்டைகளிடமிருந்து பிரித்து வைக்க முடியுமானால், மூன்று நான்கு மாதம் வரை பொறுப்பது நல்லது என்ற முடிவுக்கு வந்தேன். அந்த வயதில் வளையம் போட எனக்கு மனம் வராது. இடுக்கியோ மருத்துவரின் கத்தியோதான். தாமதித்துக் காயடித்துவிட்டுத் தானியத்தை அள்ளிப் போட்டாலும் கல் வரும், காயடிக்காத கிடாவுக்கும் வரும். தானியங்களில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. மொத்தத் தீவனத்தில் கால்சியம் பாஸ்பரஸைப்போல இரு மடங்காவது இருக்க வேண்டும். அன்றிலிருந்து அந்தக் கிடாவுக்குத் தழையும் காய்ந்த பயறுவகைத் தீவனமும்தான் முதன்மை உணவு. உப்புக்கட்டி எப்போதும் தொங்கும். தண்ணீர்த் தொட்டியை நான் குடிக்கும் அளவுக்குச் சுத்தமாக வைக்க முயல்கிறேன்.

இப்போது ஒவ்வொரு குட்டியையும் கருவியை எடுப்பதற்கு முந்தைய நாளே பிடித்துப் பார்க்கிறேன். ஒரு விரை மட்டும் இறங்கியிருந்தால் அன்று எதுவும் செய்வதில்லை. இறங்காத விரை வயிற்றுக்குள் இருந்தால் அது அறுவைக்காரரின் வேலை. பை ஒரு பக்கம் மெத்தென்று வீங்கி, அழுத்தினால் உள்ளே போய்விடுவதாக இருந்தால் அது குடலிறக்கம். அங்கே வளையமோ கத்தியோ பட்டால் குடலுக்கே ஆபத்து. கொம்புக் குருத்தைச் சுடுவதையும் பால்மறக்கச் செய்வதையும் காயடிக்கும் வாரத்தில் வைத்துக்கொள்வதில்லை.

நழுவிய கிடாவுக்கு மருத்துவர் மயக்கம் கொடுத்து அந்த விரையை எடுத்தார். குழாய்களில் எஞ்சிய விந்து இருக்கக்கூடும் என்பதால் அதற்குப் பிறகும் ஆறு வாரம் அதைப் பெட்டைகளிடம் விடவில்லை. அந்த இரண்டு பெட்டைகளும் மூன்று குட்டிகளை ஈன்றன, அவற்றுள் ஒன்று கிடா. விற்கும் எண்ணம் இல்லாததால் அதற்கு மூன்றரை மாதம் வரை காத்திருந்து, நூலை அறுக்கும் புதிய இடுக்கியால், பக்கத்துக்கு இரண்டு கடி வைத்தேன். ஆறாம் வாரம் பிடித்துத் தடவிப் பார்க்க வேண்டும் என்று நாட்காட்டியில் எழுதி வைத்திருந்தேன். அந்த நாளில் இரண்டு பக்கமும் சுருங்கியிருந்தன. எட்டாம் வாரம் இன்னொரு முறை பார்த்த பிறகுதான் பெட்டைகளோடு மேய்ச்சலுக்கு விட்டேன்.